திருமுழுக்கும் மூதாதையர் வழியும்

கிறிஸ்துவை ஏற்பதற்கு ஒருவர் தம் இனத்தையே விலையாகக் கொடுக்க வேண்டுமா? அமெரிக்காவில் குடியேறிய ஹ்மோங் மக்களின் வாழ்வு இக்கேள்வியை நம்முன் வைக்கிறது.

லாவோஸ் மலைவாழ் மக்களான இவர்களை 1960களில் அமெரிக்க உளவுத்துறை தன் மறைமுகப் போரில் ஈடுபடுத்தியது. 1975இல் ஆட்சி பொதுவுடைமையாளர் கைக்கு மாறவே, பலர் மேகாங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாம்களில் அடைக்கலம் புகுந்தனர். பின்னர் மின்னசோட்டா, கலிபோர்னியா, விஸ்கான்சின் மாநிலங்களில் அவர்கள் குடியமரக் கத்தோலிக்க அமைப்புகளும் பிற கிறிஸ்தவ சபைகளும் துணைநின்றன. இஃது அறச்செயலே. ஆனால், நன்றிக்கடனுக்காகக் கோவில் வாசல் மிதித்தவரை மனம் மாறியவராகக் கணக்கிடுவது அறமாகுமா?

ஹ்மோங் மரபில் குழந்தையின் நஞ்சுக்கொடி வீட்டினுள்ளேயே புதைக்கப்படும். இறந்தவரின் ஆன்மா தான் வாழ்ந்த ஊர்கள் வழியே திரும்பிச் சென்று, அக்கொடியை ஆடையென அணிந்தே மூதாதையரைச் சேரும் என்பது அவர்தம் நம்பிக்கை. அவ்வழியை ஓதிக் காட்டுபவரும், 'கெங்' என்னும் மூங்கிற்குழல் கருவியை இசைப்பவரும் இன்றி அடக்கச் சடங்கு இல்லை. சில சபைகளோ இவை அனைத்தையும் பேய் வழிபாடு என ஒதுக்கின. மகன் திருமுழுக்குப் பெற்றால் தன் ஆன்மாவுக்கு வழிகாட்ட யாருளர் என்று முதிய தாய் கலங்குகிறாள். ஒரு தாயின் கலக்கத்தின்மேல் நாம் எழுப்பும் ஆலயம் எத்தகையது?

மறுபுறம், மரபுச் சடங்கை விட்டவன் ஹ்மோங்கே அல்லன் என்போரையும் நாம் ஏற்பதற்கில்லை. இன்று அம்மக்கள் பரவலாகப் பயன்படுத்தும் உரோமை எழுத்துமுறை, 1950களின் தொடக்கத்தில் அமலமரித் தியாகிகள் சபைக் குரு இவ் பெர்த்ரேயும், சீர்திருத்த சபையினரான ஸ்மாலி, பார்னி ஆகியோரும் உருவாக்கியதே. இனத்தின் மொழியைக் காக்கக் கிறிஸ்தவக் கரங்களும் உழைத்தன அன்றோ?

அப்படியாயின் எல்லாச் சடங்குகளையும் அப்படியே ஏற்பதா எனச் சிலர் வினவலாம். இல்லை. ஆவிகளுக்குப் பலியிடுதல் வேறு. முன்னோரை நன்றியுடன் நினைவுகூர்தல் வேறு. சீனக் கத்தோலிக்கர் மூதாதையருக்குச் செய்யும் மரியாதையை 1742இல் உரோமை உறுதியாகத் தடைசெய்தது. 1939இல்தான் அதற்கு இசைவு தந்தது. ஏறத்தாழ 200 ஆண்டுகள் எத்தனை உள்ளங்கள் இரண்டாகப் பிளந்தன! அதே பிளவை ஹ்மோங் இல்லங்களில் ஏன் விதைக்க வேண்டும்?

பிற இனத்தார் விருத்தசேதனம் செய்துகொள்ளத் தேவையில்லை என எருசலேமில் கூடிய திருத்தூதர்கள் அன்றே தீர்மானித்தனர். அவர்கள் இறக்கிவைத்த சுமையை நாம் வேறு பெயரில் அகதியின் தோளில் ஏற்றலாகாது. நாடிழந்து வந்தவனுக்கு நற்செய்தி வீடாகட்டும். இன்னுமொரு நாடுகடத்தலாக வேண்டாம்.