இறுக்கின ஸ்பிரிங்கும் சில கார் பக்தர்களும்

மாஸ்டாக்காரன் 1989ல இறக்கின எம்எக்ஸ்-5ங்கற ரெண்டு சீட்டு வண்டி இருக்கே, அதை செகண்ட் ஹேண்ட்ல வாங்கறவங்களுக்கு இங்க பிரிட்டன்ல ஒரு வியாதி உண்டு. வாங்கின கையோட கம்பெனி ஸ்பிரிங்கைக் கழட்டிக் கடாசிட்டு, வெளில வாங்கின முரட்டு ஸ்பிரிங்கை மாட்டி, வண்டியை நாலு செ.மீ. இறக்கிடுவாங்க. கேட்டா "ஹேண்ட்லிங் அள்ளுது பாஸ்"ம்பாங்க. அள்ளறது இடுப்பைத்தான்.

ஜல்லியடிக்காம விஷயத்துக்கு வரேன். இவங்க வாதம் என்ன? வளைவுல வண்டி சாயுது, அதனால வெளிப்பக்க டயருக்கு பாரம் போகுது, ஸ்பிரிங்கை இறுக்கினா ரெண்டும் நின்னுடும். சாயறது குறையும், வாஸ்தவம். பாரம் போறது? அதைத் தீர்மானிக்கறது வண்டி எடை, புவியீர்ப்பு மையத்தோட உயரம், ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல இருக்கற அகலம், எவ்வளவு வேகமா திரும்பறோம், இவ்வளவுதான். ஸ்பிரிங்குக்கு இந்த கணக்குல இடமே இல்லன்னு சொல்லலாம். கோ-கார்ட்டைப் பாருங்க. சஸ்பென்ஷனே கிடையாது, சாயறதும் இல்ல. ஆனா வளைவுல உள்பக்க பின்சக்கரம் அந்தரத்துல தூக்குது!

இறக்கினா கொஞ்சம் பலன் உண்டு, மறுக்கலை. மையம் 50 செ.மீ. உயரத்துல இருக்கற வண்டியை 3 செ.மீ. இறக்கினா பாரம் மாறறது 6 சதவீதம் குறையும். அதுக்குக் கொடுக்கற விலைதான் வயித்தெரிச்சல். சக்கரம் மேல போக இருக்கற இடமே கொஞ்சம்தான், இவங்க இறக்கினதுல பாதி காலி. வளைவுக்கு நடுவுல ஒரு மேடு வந்தா சஸ்பென்ஷன் பம்ப் ஸ்டாப்புல போய் முட்டும். அந்த நொடியில ஸ்பிரிங் பல மடங்கு இறுகின மாதிரி ஆயிடும், அந்த முனையில இருக்கற டயர் பிடியை விட்டுடும். பின்பக்கம் முட்டினா வால் வெளியே போகும். வேல்ஸ்ல பிளாக் மவுண்டன் மேல போற ஏ4069ல, மழை நசநசன்னு பெய்யும்போது, நடுரோட்டுல ஆடு நிக்கும்போது இது நடந்தா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா?

இன்னொரு கூத்து, ஸ்பிரிங்கை மட்டும் மாத்திட்டு பழைய ஷாக் அப்சார்பரை அப்படியே விடறது. ஸ்பிரிங் ரெண்டு மடங்கு இறுகினா வண்டி குதிக்கற வேகம் 1.4 மடங்கு ஆகுது. அதே ஷாக்கோட அடக்கற திறன், அந்த ஸ்பிரிங்குக்கு எதிர்ல பார்த்தா, 30 சதவீதம் போல குறையுது. டயர் ரோட்டுல இருக்கற நேரத்தை விட தட்டாமாலை ஆடற நேரம் அதிகம். காத்துல இருக்கற டயருக்கு பிடி ஏது சாமி?

வேகமா போற மாதிரி தோணும், அதுதான் மாயை. முதுகுத்தண்டுல ஒவ்வொரு கல்லும் வந்து சலாம் போட்டா யாருக்கும் அப்படித்தான் தோணும்.

இந்த எம்எக்ஸ்-5க்கே முன்மாதிரி 1962ல வந்த லோட்டஸ் எலான். காலின் சாப்மன் அதுக்குப் போட்டது மெத்து மெத்துன்னு ஸ்பிரிங். ரேஸ் காரே கட்டின மனுஷனுக்குத் தெரியாததா?

முன்னாடி மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட் வெச்ச வண்டி சாயும்போது டயர் நிக்கற கோணம் கெட்டுடும். அங்க கொஞ்சம் இறுக்கறதுல அர்த்தம் இருக்கு. வழவழன்னு இருக்கற ரேஸ் டிராக்குக்கு, தனி டயர் போட்டு ஓட்டறவங்களும் தாராளமா இறுக்கட்டும். எம்எக்ஸ்-5க்கு நாலு சக்கரத்துலயும் டபுள் விஷ்போன். அந்த கோணத்தைப் பார்த்துக்கத்தான் கம்பெனிக்காரன் அவ்வளவு செலவு பண்ணியிருக்கான்.

வெளி பார்ட்ஸே ஆகாதுன்னு சொல்லலை. நல்ல ஷாக் போடுங்க, மாஸ்டாவே சில மாடல்ல பில்ஸ்டைன் போட்டு வித்ததுதான். ஆனா முதல்ல வண்டிக்கு அடியில குனிஞ்சு பாருங்க. வருஷக்கணக்கா வெடிச்சு நாறிப்போன ரப்பர் புஷ்ஷை மாத்துங்க, நல்ல டயர் போடுங்க, அலைன்மென்ட் ஒழுங்கா பண்ணுங்க.

மறுக்கற சிங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். டயரையும் அலைன்மென்ட்டையும் தொடாம, ஸ்பிரிங்கை மட்டும் மாத்தி, மேடு பள்ளம் உள்ள அதே டிராக்ல, ஒரே நாள்ல நேரம் எடுத்துட்டு வாங்க, பேசலாம். நாலையும் ஒண்ணா மாத்திட்டு "எல்லாம் ஸ்பிரிங் மகிமை"ன்னு சொல்ற ஆட்டத்துக்கு நான் வரலை :-)