நிலத்தை அறியாதார் நிலத்தை இழப்பார்! வாகரைக் கரையிற் கூடாரமிட விரும்புவோர்க்கு

வார விடுமுறையில் ஓரிரு நாட்கள் குடும்பத்தோடு வெளியிடஞ் சென்று, வானத்தின்கீழ்க் கூடாரமிட்டுத் தங்கிவரல் வேண்டும் என்னும் ஆசை இன்று நம்மவரிடையே பரவி வருகின்றது. வரவேற்கத்தக்க ஆசையே. ஆனால், கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு நம்மவர் எங்கே போகின்றனர்? ஒரு சாரார் நுவரெலியாவின் குளிரை நாடிப் போகின்றனர். மற்றொரு சாரார் அறுகங்குடாவின் அலையை நாடிப் போகின்றனர். மட்டக்களப்பு நகரிலிருந்து அறுபது கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில், நம் மாவட்டத்தின் வட எல்லையில், வாகரை கிடக்கின்றது. அங்கே சென்று ஓர் இரவு தங்கியவர் நம்முள் எத்தனை பேர்?

இதனை உல்லாசப் பயணக் கேள்வி என்று தள்ளிவிடுதல் தவறு. இதனுள்ளே நிலத்தைப் பற்றிய கேள்வியும் அடங்கியிருக்கின்றது. ஒரு நிலத்தை அதன் மக்களே சென்று பாராதிருந்தால், அது வெறும் நிலம் என்று பிறர் எழுதிவைக்கும் நாள் தொலைவில் இல்லை.

வாகரை எத்தகைய நிலம்?

ஓட்டமாவடிப் பாலத்தைக் கடந்து வடக்கே செல்வோர்க்கு முதலிற் காயான்கேணியும் மாங்கேணியும் எதிர்ப்படும். அப்பாற் பனிச்சங்கேணி, அங்கே உப்பாற்று வாவி கடலோடு கலக்கின்றது. பாலத்தைக் கடந்தால் வாகரை, பால்சேனை, கதிரவெளி. அதற்கும் வடக்கே வெருகலாறு. ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி, நடுவே மரமுந்திரிகையும் பனையும் நிற்கும் மணல் நிலம், மேற்கே காடும் வயலும். இவ்வளவும் ஒருநாட் பயணத்துள் அடங்கிய வேறிடத்தை இம்மாவட்டத்திற் காண்பது அரிது. முன்னாளில் இவ்வழியே திருகோணமலைக்குச் செல்வோர் துறைக்குத் துறை 'பாதை' எனப்படும் மிதவைக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று பாலங்கள் அமைந்துவிட்டன. தூரத்தைக் காரணங் காட்டுவதற்கு இனி இடமில்லை.

இக்கரையிற் கடல் வேடர் எனப்படும் பழங்குடியினர் வாழ்கின்றனர். தமிழ் பேசி, மீன் பிடித்து, தேனெடுத்து வாழும் இம்மக்களைச் செலிக்மன் தம்பதியர் 1911ஆம் ஆண்டு வெளியிட்ட வேடர் பற்றிய ஆங்கில நூலிலே குறிப்பிட்டுள்ளனர். ஆகவே, 'ஆளில்லாக் கரை' என்று இதனை எவரும் சொல்ல முடியாது.

துன்பத்தையும் இம்மக்கள் அளவுக்கு மிஞ்சி அனுபவித்துவிட்டனர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இற் கடற்கோள் இக்கரையை வாரிச் சென்றது. 2006ஆம் ஆண்டு நவம்பர் 8இல், கதிரவெளிப் பாடசாலையிற் புகலடைந்திருந்த மக்கள்மீது எறிகணைகள் வீழ்ந்து நாற்பதுக்கும் அதிகமானோர் மாண்டனர். எஞ்சியோர் காட்டு வழியாகவும் கடல் வழியாகவும் தெற்கு நோக்கி ஓடினர். 2007 சனவரியில் வாகரை இராணுவத்தின் வசமாயிற்று. அவ்வாண்டிலேயே மக்கள் படிப்படியாக மீளக் குடியமர்த்தப்பட்டனர். 'முகாம்' என்னும் சொல்லை வாகரையிலே சொன்னால் மக்களுக்கு நினைவு வருவன இரண்டு: ஒன்று அகதி முகாம், மற்றது இராணுவ முகாம். பொழுதுபோக்குக்காகக் கூடாரத்திற் படுப்பவர் இந்த நினைவுகளுக்கு மதிப்பளித்தே அம்மண்ணில் அடியெடுத்து வைத்தல் வேண்டும்.

புதிய பழக்கமா?

கூடாரமிடுதல் மேல்நாட்டு நாகரிகம் என்று சிலர் நகைக்கக்கூடும். 1907ஆம் ஆண்டு பேடன் பவல் பிரவுன்சீத் தீவிற் சிறுவர்க்குப் பாசறை அமைத்த நாளிலிருந்துதான் உலகம் வெளியிலே உறங்கக் கற்றதோ? பருவத்துக்குப் பருவம் கரை மாறித் தொழில் செய்யும் மீனவர் கட்டும் வாடி என்ன? விதைப்புக்கும் வெட்டுக்கும் வயலிலே தங்கும் நம் விவசாயியின் குடிசையும் காவற்பரணும் என்ன? செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு இக்கரையோரமாகவே நடந்து செல்லும் அடியார் கூட்டம், வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயிலிலும் வழியிலுள்ள ஆலயங்களிலும் மரநிழல்களிலும் இரவு தங்கிச் செல்லவில்லையா? அவ்வடியார் ஓரிடத்திலும் வேலி போடவில்லை. ஊரார் கொடுத்ததை உண்டு, ஊரார் காட்டிய இடத்திற் படுத்து, விடியுமுன் எழுந்து நடந்தனர். வாகரைக்குச் செல்வோர்க்கு இதனினும் மேலான வழிகாட்டி வேண்டியதில்லை.

இடத்தைத் தெரிவு செய்வது எவ்வாறு?

முதலாவது, காலம். ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவமழையும் கொந்தளிக்கும் கடலும் உண்டு, வாவியும் பெருகும். அக்காலத்திற் கரையிற் கூடாரமிடுதல் அறிவுடைமையாகாது. ஆனி, ஆடியிற் கச்சான் காற்று வெதுப்பும். நிழலின்றித் தங்க முடியாது. பெரும்போக வெட்டு முடிந்த பங்குனி, சித்திரை மாதங்களே விவசாயிக்கும் ஓய்வு, பள்ளிப் பிள்ளைகளுக்கும் விடுமுறை, கடலும் அமைதி.

இரண்டாவது, தண்ணீர். மணற் கரையிலே தோண்டும் கிணறுகளில் நன்னீர் உவர்நீரின்மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறிவிடும். கடற்கோளின் பின் இக்கரைக் கிணறுகள் உவரேறி மக்கள் பட்ட பாட்டை மறத்தலாகாது. இருபது பேர் சென்று ஊர்க் கிணற்றில் ஒரு பகல் முழுவதும் குளித்தால் அந்த ஊருக்கு அது விருந்தினர் வருகையன்று, வரட்சியின் வருகை. குடிநீரை உடன் கொண்டு செல்க.

மூன்றாவது, பிறர் தொழிலிடம். வெறும் மணலாக நம் கண்ணுக்குத் தோன்றுவது மீனவரின் கரைவலைப்பாடாக இருக்கும். விடியலில் வலை இழுக்குமிடத்திற் கூடாரம் நின்றால் ஒருநாட் கூலி பலருக்கு நின்றுபோம். காயான்கேணிக் கடலிலே பவளப் பாறைகள் உள்ளன; 2019ஆம் ஆண்டு அது கடற் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அங்கே பாறைமேல் மிதிப்பதும் ஒரு துண்டு உடைத்தெடுப்பதும் கூடா. ஆமை முட்டையிடும் கரையிலே இரவில் விளக்கெரித்தலும் தீ மூட்டுதலும் தகா. வாவிக் கரையில் முதலையும், மேற்கே காட்டோரத்தில் யானையும் உண்டு. ஊரார் இரவிற் செல்லாத இடத்துக்கு நாமும் செல்லாதிருத்தலே பாதுகாப்பு.

நான்காவதும் முதன்மையானதும், ஊரின் சம்மதம். மீனவர் கூட்டுறவுச் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், கோயில் நிர்வாகம் ஆகிய இவற்றுள் ஒன்றையேனும் முன்கூட்டிக் கண்டு கேட்டல் வேண்டும். வேடர் குடிகளின் முன்னோர் வழிபாட்டிடங்கள் வெளியார் கண்ணுக்கு வெறும் மரத்தடியாகவே தோன்றும். கேளாதவனுக்கு அது தெரியாது. அரிசியும் மீனும் தேங்காயும் அவ்வூரிலேயே வாங்குக. கொண்டுசென்ற பொலித்தீனையும் போத்தலையும் திரும்பக் கொண்டுவருக.

சட்டம் என்ன சொல்கின்றது?

நோர்வே நாட்டினர் 1957ஆம் ஆண்டு யூன் 28இல் ஒரு சட்டம் இயற்றினர். பயிரிடப்படாத நிலத்திலே எவரும் நடக்கலாம், கூடாரமிடலாம். குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீற்றராவது தள்ளியிருத்தல் வேண்டும். ஓரிடத்தில் இரண்டு நாட்களுக்கு மேல் தங்குவதாயின் காணிக்காரரின் அனுமதி வேண்டும். வழிவழி வந்த வழக்கத்தையே அவர்கள் சட்டமாக்கினர். நிலம் யாருடையதாயினும் அதிலே நடந்து செல்லும் உரிமை மக்கள் அனைவருடையது என்பதே அதன் சாரம்.

அந்தச் சட்டம் பிறந்து சரியாக நான்கு வாரங்களின் பின், 1957 யூலை 26இல், இலங்கையிற் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டனர். காணி, காணி அபிவிருத்தி, குடியேற்றம், மீன்பிடி ஆகியவற்றின் அதிகாரம் பிரதேச சபைகளுக்கு உரியதாகும் என்று அது கூறிற்று. மறு ஆண்டு சித்திரையிலேயே அது கிழித்தெறியப்பட்டது. 1987இல் வந்த பதின்மூன்றாவது திருத்தம் காணியை மாகாணப் பட்டியலில் எழுதிவிட்டு, அரச காணியை மத்தியின் கையிலேயே விட்டுவைத்தது. அத்திருத்தம் கூறிய தேசிய காணி ஆணைக்குழு அமைக்கப்படவேயில்லை. 2013ஆம் ஆண்டு செப்டெம்பரில் உயர் நீதிமன்றமும் அரச காணி அதிகாரம் மத்திக்கே உரியது என்று தீர்த்தது. ஆதலால் வாகரைக் கரையின் ஒரு துண்டை யாருக்குக் கொடுப்பது என்னும் முடிவு வாகரைக்கு வெளியே எடுக்கப்படுகின்றது.

எனினும் நம் கையில் ஒன்றுமில்லை என்று சோர்வது பிழை. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் உயர்நீர் எல்லையிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரையுள்ள நிலத்தைக் கரையோர வலயமாக வரையறுத்து, அங்கே அபிவிருத்தி வேலை செய்வோர் அனுமதி பெற வேண்டுமென்கின்றது. 2011ஆம் ஆண்டின் திருத்தம், ஓரிடத்தைக் கடற்கரைப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யவும் வழி வைத்துள்ளது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம், மக்களின் நலனையும் வசதியையும் பேணும் கடமையைச் சபைகளிடம் ஒப்படைத்துள்ளது. எல்லாவற்றுக்கும் மேலாக, 2000ஆம் ஆண்டு எப்பாவல பொசுபேற்று வழக்கிலே, நாட்டின் இயற்கை வளங்களை அரசு மக்களுக்காகப் பொறுப்பிலே வைத்திருக்கின்றதென உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கரையைக் காக்க விரும்பும் ஊருக்கு இவை நல்ல ஆயுதங்கள். ஆனால், அந்த நிலத்தைக் கண்ணாற் கண்டவரும் அதன் பயன்பாட்டைச் சாட்சி சொல்லக்கூடியவரும் இல்லாவிட்டால் ஆயுதத்தை யார் எடுப்பது?

அச்சம் வீணானதன்று

பாசிக்குடாவைப் பார்த்தோம். 2009இன் பின்னர் விடுதிகள் வரிசையாக எழுந்தன. பொதுமக்கள் கடலில் இறங்கும் இடம் வளைகுடாவின் ஒரு பக்கத்திற் சுருங்கிற்று. வாகரைக் கரையிலும் அண்மை ஆண்டுகளிலே இல்மனைற்று மணல் அகழ்வுக்கும் இறால் வளர்ப்புத் திட்டத்துக்கும் முயற்சிகள் நடந்தன. மக்கள் தெருவிலிறங்கி எதிர்த்தனர். அவர்களுடைய குரல் நகரத்துப் படித்தவர் காதில் எவ்வளவு தூரம் விழுந்தது? இல்மனைற்று எடுக்கும் மணல் எங்கேயுள்ளது, அதன் கீழே யாருடைய கிணற்று நீர் இருக்கின்றது என்று தெரியாதவருக்கு, அது பத்திரிகையின் ஒரு மூலைச் செய்தி மட்டுமே.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். இன்று கூடாரம் வரும். நாளை கூடாரக்காரன் கொட்டில் போடுவான். மறுநாள் கம்பி வேலி வரும். அதன் பின்னே விடுதி வரும். நம்மவரே நம்மவரின் நிலத்தை விழுங்க மாட்டாரா? விழுங்கக்கூடும். முதலாளிக்குச் சாதி மதமில்லை. மொழிப்பற்று விலைபேசும் நேரத்திலே எளிதில் மறைந்துவிடும். ஆதலாற்றான் தனியொருவர் இலாபத்துக்கான பாசறை வேண்டாமென்கின்றோம். பொதுப் பாசறை நிலம் வேண்டும். அதற்கு ஒழுங்கும் வேண்டும்.

நாம் கேட்பவை மூன்று. முதலாவதாக, கோறளைப்பற்று வடக்குப் பிரதேச சபை ஊர்க்கூட்டங்களைக் கூட்டி, மீனவரையும் விவசாயிகளையும் வேடர் குடிகளையும் கேட்டு, இரண்டு அல்லது மூன்று சிறிய இடங்களை இதற்கெனக் குறித்தல் வேண்டும். மலசலகூடமும் குப்பை அகற்றலும் இல்லாத இடம் குறிக்கப்படலாகாது. இரண்டாவதாக, அவ்விடங்களை நீண்டகாலக் குத்தகைக்கு எவருக்கும் கொடாமல், அவ்வூர்க் கூட்டுறவுச் சங்கங்களே கட்டணம் வாங்கி நடத்தல் வேண்டும். வரும் பணம் அவ்வூர்ப் பாடசாலைக்கும் கிணற்றுக்கும் செல்லல் வேண்டும். மூன்றாவதாக, இரண்டு இரவுகள், வீடுகளிலிருந்து 150 மீற்றர் என்ற நோர்வே விதிகளை நாமாகவே இப்போதிருந்து கைக்கொள்ளல் வேண்டும். சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

நிலம் பறிபோகின்ற நாளிலே உல்லாசமா என்று கேட்போர்க்கும் ஒரு சொல். உரிமைக்காகக் கூட்டம் கூடுவோர் தம் பிள்ளைகளுக்கு அந்த உரிமைக்குரிய நிலத்தைக் காட்டியிருக்கின்றனரா? உப்பாற்று வாவியிற் சூரியன் மறைவதையும் கரைவலை இழுப்பதையும் கண்ட பிள்ளை, அந்நிலத்தின் பெயரைப் படத்திற் தேட வேண்டியதில்லை. அங்கே ஒரு மீனவரின் வீட்டிற் சோறுண்ட வழக்கறிஞன், அந்த மீனவர் கோப்போடு வரும் நாளிலே அவரை வாசலிற் காக்க வைக்க மாட்டான்.

வாகரையின் மணல் பறந்து போகாமற் பிடித்து வைத்திருப்பது அடம்பன் கொடி. தனித்தனியே அறுத்தால் அது வெறும் கொடி. 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். வருகின்ற பங்குனியில், வெட்டு முடிந்ததும், நகரத்தாரும் கிராமத்தாருமாகப் புறப்படுங்கள். ஊரைக் கேட்டுக் கூடாரம் அடியுங்கள். இரண்டாம் நாள் கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு வாருங்கள். அந்த ஊரோடு கொண்ட உறவை மட்டும் கழற்றிவிடாதீர்கள்!