மலைநாட்டு மாடி வீடும் குளிர்கால வெப்பமும்

இமயமலைப் பிரதேசங்களில் மாடி வீடு கட்டிக்கொண்டோர், குளிர்காலத்தில் ஒரு தளம் வெதுவெதுப்பாகவும் மற்றொன்று குடிநீர் உறையுமளவுக்குக் குளிர்ந்தும் இருப்பதைக் கண்டு, கணப்பின் மீதே குறை கூறுகின்றனர். புகாரி எனப்படும் இரும்புக் கணப்பைப் பெரிதாக்குவதும், விறகை மிகுதியாக இடுவதும், அதுவும் போதாவிடின் மற்றத் தளத்தில் இன்னொரு கணப்பை வைப்பதுமே வழக்கமான பரிகாரங்களாகிவிட்டன. ஆயின் குறை பெரும்பாலும் கணப்பில் இல்லை. வீட்டின் உச்சியிலும் மாடிப்படியிலும் இருக்கிறது.

கடல்மட்டத்தில், 0 பாகை சென்டிகிரேடிலுள்ள ஒரு கனமீட்டர் உலர்ந்த காற்றின் எடை ஏறக்குறைய 1.29 கிலோகிராம், 20 பாகையில் 1.20 கிலோகிராம். இவ்வேற்றுமை அற்பமாகத் தோன்றலாம். எனினும் இரு தளங்களையும் திறந்த மாடிப்படி ஒன்று இணைக்குமாயின், வீடு முழுவதுமே ஒரு புகைப்போக்கியைப் போலத் தொழிற்படுகிறது. இலேசான வெப்பக் காற்று மேலேறிக் கூரைச் சந்துகள் வழியாகவும் மாடிச் சாளரங்களின் இடுக்குகள் வழியாகவும் வெளியேறுகிறது. வெளியேறிய அளவுக்குக் குளிர்ந்த காற்று கீழ்த்தளக் கதவின் அடியில் புகுகிறது. வீட்டாரின் காலில் உறைப்பது இந்தக் கீழ்க்காற்றே. ஆதலின் அவர்கள் கதவடியில் கந்தலைத் திணிக்கின்றனர். மேலேயுள்ள துவாரங்கள் எவர் கண்ணிலும் படுவதில்லை.

இது விறகுச் செலவைப் பற்றிய பிரச்சினை மட்டுமன்று. மேல்தளத்தில் துவாரங்களை விட்டுவிட்டுக் கீழ்த்தளத்தை மட்டும் இறுக அடைத்தால், கீழ்த்தளக் காற்றின் அழுத்தம் வெளியழுத்தத்தைவிடச் சற்றே குறைகிறது. இரவில் தணல் அடங்கும் வேளையில் புகாரியின் குழாய் வழியே வெளிக்காற்று இறங்கி, புகையையும் கார்பன் மோனாக்சைடையும் அறைக்குள் தள்ளக்கூடும். அந்த வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குவோர் அதனை அறிவதில்லை. ஆகவே அடைக்கும் வேலை உச்சியிலிருந்தே தொடங்கவேண்டும். எரிபொருள் இடும் கணப்புக்கு அருகிலேயே, அதற்கென ஒரு சிறு காற்றுவழியை விட்டுவைக்க வேண்டும். புகைப்போக்கி இல்லாத கரியடுப்பையோ எரிவாயுக் கணப்பையோ உறங்கும் அறையில் எரியவிடலாகாது. வீடுதோறும் செல்லும் ஊழியர் வேறெதனைச் சொல்ல மறந்தாலும் இதனைச் சொல்ல மறத்தல் கூடாது.

எல்லாத் தளங்களிலும் ஒரே வெப்பநிலை வேண்டும் என்ற ஆசையே சற்று ஆராயத்தக்கது. பழைய வீடுகள் அவ்வாறு ஆசைப்படவில்லை. காஷ்மீரத்துக் குடும்பங்கள் கோடையில் மேல்தளத்தைப் பயன்படுத்தின; டிசம்பர் 21-இல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிரான சில்லை கலான் வருமுன்னரே கீழ்த்தளத்துக்கு இறங்கின. வசதியுள்ளோர் அங்கே ஹமாம் என்னும் அறையை அமைத்தனர். அதன் கல் தரைக்கு அடியில் விறகு எரியும். மரச்சட்டப் பின்னலாலான சாளரங்களின் மீது காகிதம் ஒட்டிக் காற்றைத் தடுத்தனர். லடாக்கில் கீழ்த்தளம் கால்நடைகளுக்கு உரியது. அதன் மேலேயுள்ள சமையலறையில் குடும்பம் குளிர்காலத்தைக் கழிக்கும். கூரையின் விளிம்புகளில் புல்லும் விறகும் அடுக்கப்படும். இமாசலத்தின் பழைய மர வீடுகளிலோ, கால்நடைகள் அடியிலும், தானியம் நடுவிலும், மனிதர் உச்சியிலும் வாழ்ந்தனர். மூன்று நாடுகள், மூன்று விடைகள். எனினும் வீடு முழுவதையும் காய்ச்ச எவரும் முற்படவில்லை. இதனைப் பின்தங்கிய வழக்கம் என்று கருதுவோர், தமது விறகுக் கணக்கை ஒருமுறை பார்ப்பது நலம்.

ஆயினும் பழைமைக்கே திரும்புமாறு எவரையும் வற்புறுத்துதல் இயலாது. மாடியில் பிள்ளைகள் படிக்கவும் முதியோர் உறங்கவும் அறைகள் வேண்டியிருக்கின்றன. கண்டிக்கத்தக்கது, சமவெளிப் பட்டணத்து வரைபடத்தை அப்படியே மலைக்குக் கொண்டுசெல்வதுதான். அங்கே காற்றோட்டத்துக்காகத் திறந்துவைத்த மாடிப்படி, இங்கே வெப்பத்தை வாரி இறைக்கும் வாய்க்காலாகிறது. மொட்டைக் கான்கிரீட் கூரையோ, பாப்லர் உத்திரங்களின் மேல் வில்லோக் குச்சிகளும் புல்லும் களிமண்ணும் பரப்பிய கூரையைவிட மிக எளிதாக வெப்பத்தை வெளியே கடத்துகிறது. மாடிப்படியின் அடியில் ஒரு கதவை வைத்து, கூரைக்கு உலர்புல்லையேனும் மரத்தூளையேனும் ஈரமும் நெருப்பும் அணுகாதவாறு பரப்பினாலே பாதி வேலை முடிந்துவிடும். மின்விசிறியை மெதுவாகச் சுழற்றி மேலே தேங்கிய வெப்பத்தை இறக்கலாம் என்று சிலர் கூறுவர். உயரமான ஓர் அறைக்குள் இது பயன்படும். கூரை ஒழுகும் வீட்டில் பயன் சொற்பமே.

சூரியனையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும். சுமார் 3,500 மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய 34 பாகை வட அட்சரேகையில் உள்ள லே நகரில், டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 32 பாகை அளவே உயர்கிறது. ஆகவே தெற்குச் சாளரத்தின் வழியே வெயில் அறைக்குள் ஆழ்ந்து விழும். ஜூன் மாதத்திலோ அது 79 பாகைவரை ஏறுவதால், சிறிய இறவாரமே வெயிலைத் தடுத்துவிடும். கணப்பு எட்டாத தளத்துக்குத் தெற்குச் சாளரத்தை ஒதுக்குவது முறை. மாலையில் கனத்த திரையிட மறந்தால், பகலில் பெற்றதை அக்கண்ணாடியே இரவில் இழக்கும்.

ஆசிரியர்கள் இதனைப் பாடமாக்குவதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. கணப்புள்ள அறையின் கதவைக் குளிர்ந்த மாடிப்படியை நோக்கி இரண்டு விரற்கடை திறந்து, ஊதுவத்தியை இடுக்கின் உச்சியில் பிடித்தால் புகை வெளியே செல்லும். அடியில் பிடித்தால் உள்ளே வரும். நடுவில் ஓரிடத்தில் எப்பக்கமும் சாயாது நிற்கும். உதகமண்டலத்தின் டிசம்பர் இரவுகளிலும் இச்சோதனை நன்றாகவே நடைபெறும். இரு தளங்களிலும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் ஒவ்வொரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, ஒரு வாரம் காலையும் இரவும் மாணவர்கள் குறித்துவரட்டும். மறுவாரம் மாடிச் சாளர இடுக்குகளில் காகிதம் ஒட்டியபின், வெளிக்குளிரையும் சேர்த்துக் குறித்து, இரு வாரக் கணக்குகளையும் ஒப்பிடச் செய்யலாம்.