விளையாட்டில் அடியாள் எதற்கு?

ஆட்டம் என்றால் அடிபடுவதும் உண்டு. அதை யாரும் மறுப்பதில்லை. ஆனால் அடிப்பதற்கென்றே ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வது விளையாட்டாகுமா?

வட அமெரிக்காவில் பனித்தளத்தின்மேல் ஆடும் ஹாக்கியில் இவ்வழக்கம் நெடுங்காலம் இருந்து வந்தது. தம் குழுவின் சிறந்த ஆட்டக்காரரை எதிரணியினர் முரட்டுத்தனமாக மோதினால், கையுறைகளை உதறிவிட்டு அவர்களுடன் குத்துச்சண்டைக்கு இறங்குவதே இந்த அடியாளின் கடமை. நேஷனல் ஹாக்கி லீக் விதிப்படி சண்டைக்குத் தண்டனை ஐந்து நிமிடம் வெளியே உட்காருவது. பிறகு எழுந்துவந்து ஆடலாம். இது தண்டனையா, அனுமதிச் சீட்டா?

பாப் புரோபர்ட்டின் வாழ்க்கையைப் பாருங்கள். கானடாவின் விண்ட்சர் நகரில் 1965-ல் பிறந்த அவர், டெட்ராய்ட், சிகாகோ குழுக்களில் 935 பந்தயங்கள் ஆடினார். பெற்ற தண்டனை 3,300 நிமிடங்கள். அவர் ஆடத் தெரியாதவர் அல்லர். 1987-88 பருவத்தில் 29 கோல் போட்டவர். ஆயினும் அதே பருவத்தின் 398 தண்டனை நிமிடங்களே அவருக்குப் புகழ் தேடித் தந்தன! குடியும் போதைப்பொருளும் அவரைப் பற்றின, சிறைக்கும் சென்றார். 2002-ல் ஓய்வு பெற்றார். 2010-ல், குடும்பத்தோடு படகில் சென்றிருந்தபோது நெஞ்சுவலி கண்டு இறந்தார். வயது 45.

அவரது மூளையை ஆராய்ந்த பாஸ்டன் பல்கலைக்கழகத்தார், அடிமேல் அடிபட்டதால் வரும் சிதைவுநோய் அதில் இருந்ததை 2011-ல் வெளியிட்டனர். மண்டையோட்டுக்குள் திரவத்தில் மிதப்பது மூளை. தலை திடீரெனத் திரும்பும்போது உள்ளே நரம்பிழைகள் இழுபடுகின்றன. பல ஆண்டுகள் இப்படி நேர்ந்தால், டௌ என்னும் புரதம் அங்கே திரண்டு படியலாம். உயிரோடு இருக்கும்போது இந்நோயை உறுதியாகக் கண்டறியவும் வழியில்லை. அவருடைய துன்பங்கள் எல்லாவற்றிற்கும் குத்துகளே காரணம் என்று நான் சொல்லவில்லை. அறிவியல் மாணவன் அப்படிச் சொல்லக் கூடாது. தெரிந்த தீங்கைத் தொடரவிடலாமா என்பதே என் கேள்வி.

அடியாள் இல்லாவிட்டால் நல்ல ஆட்டக்காரருக்குப் பாதுகாப்பு ஏது என்பார்கள். பாதுகாப்பது நடுவரின் வேலை. ஒலிம்பிக் பந்தயத்தில் சண்டையிட்டவரை அந்த ஆட்டத்திலிருந்தே வெளியேற்றுகிறார்கள். அதனால் ஆட்டத்தின் சுவை குறைந்துவிட்டதா? கியூபெக் இளைஞர் லீகும் 2023-ல் அவ்வழியே சென்றது. நேஷனல் ஹாக்கி லீகில் இன்று அடியாட்கள் அருகிவிட்டனர் என்பது உண்மை. ஆனால் அந்த ஐந்து நிமிட விதி இன்னும் போகவில்லை.

விதி நிலைப்பதற்குக் குழு முதலாளிகள் மட்டுமே பொறுப்பல்லர். கோலுக்குக் கைதட்டியவர்களே, குத்துக்கு இருக்கையைவிட்டு எழுந்து நின்று ஆரவாரம் செய்தார்கள். அந்த ஆரவாரத்திற்காகத்தான் டிக்கெட் விற்றது. நண்பர்களே, எந்த ஆட்டமானாலும் சரி, ஒருவன் விழும்போது நம் கை தட்டுகிறதா என்று நாமும் ஒருமுறை பார்த்துக்கொள்வோம்.