ஃபார்மட் பண்ணீரலாங்க்கா

திருப்பூர்க்காரர்களுக்குக் குறை கண்டுபிடிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துணியில் நெட்டுக்குக் கோடு விழுந்தால் ஊசி போச்சு என்பார் நிட்டிங் ஃபிட்டர். குறுக்கே பட்டை விழுந்தால் நூலைப் பார்ப்பார். 30 இஞ்ச் டயா, 24 கேஜ் மெஷினில் 2,200-க்கு மேல் ஊசிகள். அத்தனைக்குள் தலை உடைந்த ஒன்றைத் தேடிப் பிடித்து, அதை மட்டும் மாற்றிவிட்டு மெஷினை ஓட்டிவிடுவார். மெஷினையே பிரித்துக் கோத்துப் பார்க்கலாம் என்று எந்த ஃபிட்டரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதே கட்டடத்தின் மாடியில் ஆபீஸ் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் மட்டும் இந்த அறிவெல்லாம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ!

எங்கள் பனியன் கம்பெனிக் கணக்குக் கம்ப்யூட்டர் சரியாக வெள்ளிக்கிழமைகளில்தான் படுக்கும். சனிக்கிழமை வாரச் சம்பளம். டெய்லர்களுக்கும் செக்கிங், அயர்னிங் ஆட்களுக்கும் பீஸ் ரேட் போட்டு முடித்தாக வேண்டும். பாதியில் நீலத்திரை. இன்றைக்கு ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்று காரணம் காட்டும், அடுத்த முறை வாயில் நுழையாத வேறொரு பெயர். பையர் அனுப்பிய ஜிப் ஃபைல் ஒருதரம் திறக்கும். அதே ஃபைல் அரைமணி கழித்துக் கெட்டுப்போனது என்று வரும். காலையில் சமத்தாக ஓடுவது, மதிய வெயில் ஏறியதும் தகராறு. ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழை, வேறு வேறு புரோகிராமில் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரேமை. இதற்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம்.

சர்வீஸ் தம்பி வந்தார். உட்காருவதற்கு முன்பே தீர்ப்பு: “வைரஸ்ங்க்கா. ஃபார்மட் பண்ணீரலாங்க்கா.”

ஃபார்மட் என்பது அவருக்கு ஒரு மதியம். எனக்கு ஒரு வாரம். பார்கோடு பிரிண்டருக்கு மறுபடி டிரைவர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கு மறுபடி பூஜை, தமிழ் ஃபான்ட் போன இடம் தெரியாது. இதெல்லாம் கூடப் பரவாயில்லை. ரேம் கெட்டிருந்தால், புதிதாக ஏற்றும் விண்டோஸும் அந்தக் கெட்ட ரேம் வழியாகத்தானே டிஸ்க்குக்கு இறங்குகிறது? ஃபார்மட்டுக்கு முன் பத்திரமாக எடுத்து வைத்ததாகச் சொன்ன பேக்கப்பும் அதே வழியாகத்தானே போனது? நோயைக் கண்டுபிடிக்காமல் செய்த வைத்தியத்தில் நல்ல டேட்டாவும் கெட்டுப்போக வழி உண்டு. இதைச் சொன்னால், “அப்படியெல்லாம் ஆகாதுங்க்கா” என்ற பதிலோடு பில் வரும்.

அடுத்த முறை பவர் சப்ளை பெட்டி, அதாவது எஸ்எம்பிஎஸ், வீக் என்றார். அதையும் மாற்றினோம். அதற்கும் அடுத்த முறைதான் பையிலிருந்து ரப்பர் வந்தது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சில் அழிக்கிற அதே ரப்பர். ரேமைக் கழற்றித் தங்கநிறப் பற்களைத் தேய்த்து, ஊதி, மாட்டினார். ஓடியது. ரப்பரை நான் கேலி செய்யவில்லை. இந்த ஊர்க் காற்றில் பஞ்சு பறக்கிறது. கேபினெட்டைத் திறந்தால் ஃபேன் மேல் ஒரு மெத்தையே இருக்கும். ஸ்லாட்டில் தொடுப்பு சரியில்லாமல் டிஸ்ப்ளே வராத கேஸுக்கு ரப்பர் நல்ல மருந்துதான். ஆனால் சில்லுக்குள்ளேயே ஓர் அறை பழுதென்றால் வெளியே எவ்வளவு தேய்த்து என்ன பயன்?

8 ஜிபி ரேம் ஒன்றில் சுமார் 6,870 கோடி பிட். ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கெபாசிட்டரில் நிற்கிற துளி மின்சாரம். அது கசிந்துகொண்டே இருப்பதால் 64 மில்லி விநாடிக்குள் ஒருமுறை மறுபடி நிரப்பியாக வேண்டும். சூடு ஏறினால் கசிவும் ஏறும். பலவீனமான அறை காலையில் தாங்கி மதியத்தில் கைவிடுவது அதனால்தான். கூகுளின் சர்வர்களை வைத்து டொரன்டோ பல்கலைக்கழகமும் கூகுளும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருஷத்தில் 8 சதவீதத்துக்கு மேற்பட்ட ரேம்களில் பிழை தென்பட்டது. சர்வரில் பிழையைப் பிடித்துத் திருத்தும் இசிசி ரேம் இருக்கும். நம் மேஜைக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் அது கிடையாது. பிழை வந்தால் சத்தம் போடாமல் கணக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நீலத்திரை வந்தாலாவது தெரிகிறது. எனக்கு வயிற்றைக் கலக்குவது வராமல் போவதுதான். 2003 மே மாதம் பெல்ஜியம் தேர்தலில், பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த ஸ்கார்பேக்கில் ஒரு வேட்பாளருக்கு 4,096 ஓட்டு கூடுதலாக விழுந்தது. நடக்கவே முடியாத எண்ணிக்கை என்பதால் மாட்டியது. மெமரியில் ஒரே ஒரு பிட் புரண்டிருக்க வேண்டும் என்பதுதான் விசாரணையில் கிடைத்த விளக்கம். எங்கள் டெய்லர் ஒருவர் கணக்கில் 300 பீஸ் என்று இருப்பதில் ஒரு பிட் விழுந்தால் 44 ஆகும். வேறொன்று எழுந்தால் 812 ஆகும். 812 வந்தால் மொதலாளி கண்ணில் படும். 44 வந்தால் அந்த அம்மா சனிக்கிழமை சாயங்காலம் என் மேஜை முன்னால் நின்று, தான் தைத்ததைத் தானே நிரூபிக்க வேண்டும்.

இத்தனைக்கும் சோதனைக்குக் காசு கிடையாது. விண்டோஸுக்குள்ளேயே மெமரி சோதனை இருக்கிறது. இன்னும் கண்டிப்பாகப் பார்க்க மெம்டெஸ்ட்86 இருக்கிறது, பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பலாம். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டி ஓட்ட வேண்டும். எந்த ஸ்லாட்டுக்குப் போனாலும் பிழை கூடவே போனால் ரேம் பழுது. எந்த ரேமை மாட்டினாலும் ஒரே ஸ்லாட்டில் பிழை வந்தால் போர்டைப் பார்க்க வேண்டும். ஒரு சுற்று சுத்தமாக வந்தது என்று எழுந்துவிடக் கூடாது, ராத்திரி முழுக்க ஓட விட வேண்டும். வேண்டியது பொறுமை ஒன்றுதான். அதற்கு பில் போட முடியாது என்பதால் யாரிடமும் ஸ்டாக் இல்லை போலிருக்கிறது.

எங்கள் பக்கமும் கோளாறு உண்டு. ராத்திரி ஓடட்டும் என்று விட்டுப் போனால், வாட்ச்மேன் எட்டு மணிக்கு மெயினை அணைத்துவிடுவார். பஞ்சு கிடக்கிற கட்டடம், தீ பயம். அவர் செய்வதும் சரிதான். ஞாயிற்றுக்கிழமை பகலில் ஓட்டலாம் என்றேன். “லீவு நாள்ல யாருங்க்கா வருவாங்க?” என்றார் தம்பி. 2025 கடைசியிலிருந்து, ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் ரேம் விலை எகிறிக் கிடக்கிறது. ஊகத்தில் மாற்றிப் பார்க்கிற காலமா இது?

கடைசியில் மாற்றினார்கள். எது பழுது என்று பார்க்காமல் இரண்டு ரேமையும் சேர்த்தே மாற்றினார்கள். கழற்றியதை எடுத்துத் தம்பி பைக்குள் போட்டுக்கொண்டார். “அதை இங்கயே வெச்சுட்டுப் போங்க தம்பி” என்றேன். “அது எதுக்குங்க்கா உங்களுக்கு?” என்றார். வாரன்டி இருக்கா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டாலும் மார்க்கரில் பெருக்கல் குறி போட்டு வைக்க வேண்டும். இரண்டில் ஒன்று நல்லதாகக்கூட இருக்கலாம். கெட்டது பல்லடத்திலோ அவினாசியிலோ இன்னொரு கம்பெனிக் கணக்குக் கம்ப்யூட்டரில் ‘செகண்ட்ஸ், நல்ல கண்டிஷன்’ என்று மாட்டப்படாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? மொதலாளி போனில் இருந்தபடியே, “அட, குடுத்துவிடுங்க புள்ள, அதை வெச்சு என்ன பண்ணப் போறோம்?” என்றார்.