இரவல் மேலாடை

வரவுக்குள் அடங்கிய செலவே நல்லரசு என்று கனடாவின் தலைமையமைச்சர் இசுட்டீபன் ஆர்ப்பர் 2015ஆம் ஆண்டுத் தேர்தலில் பேசியதில் வியப்பில்லை. அவர் பழமைக் கட்சியினர். தொழிலாளர் கழகங்களின் துணையோடு 1961இல் தோன்றிய புதிய மக்களாட்சிக் கட்சியின் தலைவர் தாமசு மல்கேரும், ‘எம் ஆட்சியிலும் பற்றாக்குறை இராது’ என்று முழங்கினாரே, அஃதன்றோ வியப்பு! ஆளத் தக்கார் எனப் பெயர்பெற வேண்டி, மாற்றானின் மேலாடையை இரவல் வாங்கி உடுத்தினார்.

இடையில் நின்ற இலிபரல் கட்சியின் சசுட்டின் திரூடோவோ, ஆண்டுக்கு ஆயிரங்கோடி தாலருக்கு மிகாமல் மூன்றாண்டுகள் பற்றாக்குறை வைத்துச் சாலையும் பாலமும் அமைப்போம் என வெளிப்படக் கூறினார். ஆட்சி மாற்றம் நாடிய மக்கள் அவர்பாற் சாய்ந்தனர். 338 இடங்களுள் 184 அவர் கட்சிக்கு! மல்கேர் கட்சியோ, 2011இல் பெற்ற 103இலிருந்து 44ஆகச் சுருங்கிற்று. கியூபெக்கில் எழுந்த முகத்திரைப் பூசலும் அதற்கொரு கரணியம் என்பதை மறைக்கவேண்டா. ஆயினும், ஏழைக்குச் செலவிடுவோம் என்னும் ஒரு சொல்லையும் நம்பவொட்டாமற் செய்தது அவ்விரவல் மேலாடையே.

திரூடோவும் சொன்ன எல்லையில் நின்றாரல்லர். 2019இல் வரவு செலவைச் சமன்செய்வோம் என்ற உறுதி பொய்த்தது. மல்கேரையோ, 2016இல் எட்மண்டனிற் கூடிய மாநாட்டில், நூற்றுக்கு 52 பேர் வேறு தலைமை வேண்டுமென ஒப்போலையிட்டு, அவர் கட்சியினரே விலக்கினர்.