கிரீஸை விட சீல் முக்கியம்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரியோடு சம்பந்தமில்லாத குடும்பம் குறைவு. பாடி கட்ட நாமக்கல், ரிக் வண்டிக்குத் திருச்செங்கோடு என்று நாடே நம்மைத் தேடி வருகிறது. ஆனாலும் ட்ரெய்லர் ஹப்புக்குக் கிரீஸ் வைக்கும் விஷயத்தில் இங்கும் அலட்சியம்தான்.

முதல் தவறு, "நிறைய வைத்தால் நல்லது" என்ற எண்ணம். பேரிங்கின் உருளைகளுக்கு நடுவே கிரீஸ் நன்றாக நிறைய வேண்டும். ஹப்பின் உள்ளே இருக்கும் காலி இடத்தில் பாதிக்கு மேல் வேண்டாம். முழுக்க அடைத்தால் ஓட்டத்தில் சூடேறி, இளகி, சீலைத் தாண்டி வரும்.

இரண்டாவது, கழற்றிய பழைய சீலையே திரும்ப மாட்டுவது. புது சீல் சில நூறு ரூபாய். அதை மிச்சம் பிடித்தால் கசிகிற கிரீஸ் லைனிங்கில் போய்ப் படியும். பெட்ரோலில் கழுவி மாட்டுகிறார்கள். ஊறிய லைனிங் சூடானதும் மறுபடி கசியத்தான் செய்யும். அந்தச் சக்கரத்துக்குப் பிரேக் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாரத்தோடு தொப்பூர் கணவாய் இறங்கும்போது அதன் விலை தெரியும். அங்கே போவது நம் வண்டி மட்டுமல்ல, முன்னால் குடும்பத்தோடு போகிறவர்களும் உண்டு.

புது சீல் போட்டும் கசிந்தால் சீலைத் திட்டாதீர்கள். அது உட்காரும் இடத்தில் அச்சு தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறதா, சீலை சுத்தியலால் நேரே அடித்துக் கோணலாக இறக்கினார்களா என்று பாருங்கள். மரக்கட்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்ட வேண்டும்.

மோகனூர் ஆலைக்குக் கரும்பும், சேகோ ஆலைகளுக்குக் கிழங்கும் ஏற்றும் டிராக்டர் ட்ரெய்லர்களுக்கும் இதே கதைதான். சேற்றிலும் தண்ணீரிலும் இறங்கும் ஹப்பை சீசனுக்கு முன் ஒருமுறையாவது பிரிக்க வேண்டும்.

நம் தாத்தாக்கள் வைக்கோல் கரியில் விளக்கெண்ணெய் குழைத்து மை போடாமல் சந்தைக்கு வண்டி பூட்டியதில்லை. மை காய்ந்தால் மாட்டு வண்டி கத்திச் சொல்லிவிடும். பேரிங் அப்படிச் சொல்லாது. சொல்லும்போது சக்கரம் சிக்கியிருக்கும். ஆகவே டிரைவர் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: டீக்கு நிறுத்தும்போது ஒவ்வொரு ஹப் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதை விடக் கொதித்தால், டீ ஆறினாலும் பரவாயில்லை, முதலில் அதைக் கவனியுங்கள்.